கரையில் திற, தண்ணீரில் மூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது கோணலாகத்தான் இருக்கும். கீரப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் தெர்மாகோல் மேல் பென்சிலால் போட்ட கிராம் கணக்குதான். வயசும் ஆகிவிட்டது. எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டால் முழிப்பேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது கௌசல்யா. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டறையில் இப்போது துணி போடும் மேசைக்கு அவள்தான் பொறுப்பு. போன மாதம் தண்ணீரில் ஓட்டுகிற பழைய போர்டு ஒன்று பழுதுக்கு வந்ததாம். அதன் மேல்பக்கத்தில் மூக்குத்தித் திருகாணி மாதிரி சின்னதாக ஒன்று இருப்பதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண்கள் இது என்னத்துக்கு என்று கேட்டார்களாம். இப்போது செய்கிற போர்டுகளில் அது கிடையாது. காற்றை விடும், தண்ணீரை விடாது என்று ஒரு மூடி வெளியிலிருந்து வருகிறது. அதைப் பொருத்திவிட்டால் யாரும் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். நல்ல சாமான். எங்கள் காலத்தில் வந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

"அந்தத் திருகாணி கதய நீயே எழுதிக் குடுக்கா, ஆண்டு மலருல போட்டுடலாம்" என்றாள். எனக்குக் கூச்சம். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொல்வதற்கு எழுதுவது தேவலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது காற்றில் ஓடும் போர்டு. ஆள் மேலே நின்று பாய்மரப் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் போவார்கள். அதிலேயே ஃப்ரீஸ்டைல் என்று ஒரு வகை. நேராகப் போவதற்கு இல்லை அது. குதிக்கவும், சுற்றவும், பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகவும் செய்வது. அதனால் நீளம் குறைவு, அகலம் ஜாஸ்தி, அடியில் இருக்கும் துடுப்பு கையகலம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக எடை. ஆளோடு சேர்ந்து போர்டும் எகிற வேண்டும் என்றால் அது பறவை மாதிரி இருக்க வேண்டும். ஆனால் எகிறிய ஆள் குதிகாலால் அதன் மேலேயே வந்து விழுவார். பறவை மாதிரியும் இருக்க வேண்டும், மிதி வாங்கவும் வேண்டும். எங்கள் பாடு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அதற்கு முன்னால் நான் கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் இருந்தேன். அங்கே துணியை இறுக்குகிற ரெசின் பசையை வாளியில் கலக்கி உருளையால் தேய்ப்போம், தாராளமாக. அந்தப் பழக்கத்தோடு செம்மண்டலத்துப் பட்டறைக்கு வந்தேன். பழைய அரிசி மில்லின் கொட்டகை அது. முதல் வாரம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து ரெசின் போடச் சொன்னார்கள். பளபளவென்று போட்டு வைத்தேன். பட்டறை நடத்திய பிரான்சிஸ் சார் வந்து பார்த்தார். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர், புதுச்சேரிக்காரர். வெளிநாட்டில் போர்டு செய்யும் இடத்தில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர்.

"துணி எத்தினி கிராம் அக்கா?" என்றார்.

சொன்னேன்.

"ரெசின் எத்தினி கிராம்?"

எனக்குத் தெரியவில்லை. அவரே தராசில் வைத்தார். துணியைப் போல மூன்று பங்கு ரெசின். அவர் கோபப்படவில்லை. ஒரு ரப்பர் தகட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "துணி எடையும் ரெசின் எடையும் ஒண்ணா இருக்கணும். மிச்சத்த வெளிய தள்ளுங்க. படகுக்கு ரெசின் ஜாஸ்தின்னா பலம், போர்டுக்கு ரெசின் ஜாஸ்தின்னா பாரம்" என்றார்.

போட்டதைத் திரும்ப எடுப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று. மற்றதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது.

வேலை இப்படி. பெரிய தெர்மாகோல் பாளத்தைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து உருவம் கொண்டுவருவோம். பாய்மரம் நிற்கும் இடம், கால் பட்டை மாட்டும் இடம், துடுப்பு நுழையும் இடம், இவற்றில் மட்டும் கெட்டி நுரைக் கட்டையைப் பதிப்போம். மேலே கண்ணாடி இழையில் நெய்த மெல்லிய துணி, கண்ணாடித் துணி என்போம். அதன் மேல் மெல்லிய தோசை கனத்தில் ஒரு நுரைப்பலகை. அதற்கு மேலே மறுபடி கண்ணாடித் துணியோ, கறுப்பாக இருக்கும் கார்பன் துணியோ. பிறகு மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஓரம் முழுக்கப் பிசைந்த மாவு மாதிரி இருக்கும் பிசின் நாடாவால் ஒட்டி, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவோம். பை சுருங்கி, துணி எல்லாம் ஒன்றோடொன்று அழுந்தி இறுகும். காற்று ஊசி முனையளவு உள்ளே போனாலும் அந்த இடத்தில் ஒட்டாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். தெர்மாகோல் என்பது பெரும்பாலும் காற்றுதான். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரியும். காலையில் ரெசின் போட்டால், போகப் போகச் சூடு ஏறி, அடியிலிருந்து காற்று வந்து துணியைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். வெயில் இறங்கும்போது போட்டால் தெர்மாகோல் ரெசினைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் தேய்ப்பு, மதியச் சாப்பாடு முடிந்து வெயில் சாய்ந்த பிறகுதான் துணி. கொண்டல் காற்று வந்துவிட்டால் ஈரம் சேரும் என்று கிழக்குப் பக்க ஜன்னலை மூடிவிடுவோம். முகமூடி போட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நிற்பது மற்றவர்களுக்குக் கஷ்டம். எனக்கு அதுதான் வசதி. முகமூடி போட்டவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

செய்து முடித்த போர்டுக்கும் வெயிலில் அதே தொல்லைதான். அதற்குத்தான் அந்தத் துளையும் திருகாணியும். தண்ணீருக்குள் இறங்கும் முன் திருகாணியைப் போட்டு மூடவேண்டும். கரைக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், உள்ளே விரிகிற காற்று வெளியே போவதற்கு.

பிரான்சிஸ் சார் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைப் பெருக்குவார். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து வாசல் வரைக்கும் பெருக்குவார். பெருக்கி முடிக்கும்போது கோபம் போயிருக்கும், தீர்ப்பு வந்திருக்கும். என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த சகாயமேரி, "இன்னிக்கு யாரு செஞ்ச புண்ணியமோ, கொட்டாய் பளிச்சுன்னு இருக்குது" என்பாள்.

ஒரு தடவை தொடர்ந்து சில போர்டுகளில் ரெசின் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நின்றது. சார் பெருக்கினார். பிறகு எங்கள் எல்லார் தலையையும் பார்த்தார். தேங்காயெண்ணெய்! முடியை ஒதுக்கிய கையோடு துணியைத் தொட்டிருக்கிறோம். வேலை நாளில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்றார்.

"எண்ண வைக்காத தலையோட தெருவுல போனா யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க சார்" என்றாள் சகாயமேரி.

"போர்டு செத்துச்சின்னு சொல்லுங்க" என்றார் சார்.

அன்றிலிருந்து வறட்டுத் தலையோடுதான் போய்வந்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாரத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்வோம்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

கிள்ளையிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் வந்தாள். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தாள். ஒல்லி. கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு காற்று வந்தால் கூடவே பறந்துவிடுவாள் போல இருந்தாள். ஆண்களுக்குச் செய்த ஒரு கனமான போர்டை இரவல் வாங்கிக் கழிமுகத்தில் பழகிக்கொண்டிருந்தாள். "போர்டுதான் சார் என்னைய சுத்துது. நான் அத சுத்த முடியல" என்றாள். தெற்கே ஒரு கடற்கரையில் போர்டு ஓட்டுகிறவர்களுக்குத் தேர்வு நடக்கப்போகிறது, அதில் எடுத்துக்கொண்டால் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், அடுத்த தடவை தேர்வு வரும்போது வயசு தாண்டிவிடும் என்றாள். கூட வந்த அப்பா குமாரசாமி அவ்வளவாகப் பேசவில்லை. முன்பு கடலுக்குப் போனவர், அப்போது பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போடுகிறவர். கொட்டகையைச் சுற்றி வந்து ஒவ்வொரு போர்டையும் தட்டிப் பார்த்தார். "இது படகா, பொம்மையா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் எடைக்கென்றே ஒரு போர்டு செய்தோம். நான் போட்ட துணிகளிலேயே அதுதான் லேசு. கார்பன் துணி, அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ட், அதன் மேல் அவள் கேட்டபடி ஒரு மயில்நீலக் கோடு. போர்டை ஒப்படைக்கும்போது சார் திருகாணியைக் கழற்றிக் காட்டி, "கரையில தொற, தண்ணியில மூடு. இத மறந்தா எல்லாம் போச்சி" என்றார். நிவேதா தலையாட்டினாள். அந்த நேரம் குமாரசாமி வெளியே மினி லாரிக்காரனிடம் கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல மாதம் அந்தப் போர்டில் பழகினாள். தேர்வுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும் என்கிற சமயத்தில், அதே மினி லாரி வந்து நின்றது. நிவேதா இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. போர்டைத் தூக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். மேல்பக்கம் நடுவில் பூரி மாதிரி உப்பியிருந்தது.

சார் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். தட்டிக்கொண்டே காதை வைத்துக் கேட்பார், அதுதான் எங்கள் சோதனை. ஓரத்தில் 'டக் டக்' என்றது. நடுவுக்கு வர வர 'டொப் டொப்' என்றது. தோல் தெர்மாகோலை விட்டு எழுந்துவிட்டது என்று அர்த்தம். திருகாணி இருக்கும் இடத்துக்கு வந்து நின்றார். துளையைக் காணோம். விரலால் தடவினார். எம்சீல் வைத்து அடைத்து, மழமழவென்று தேய்த்து, மேலே வெள்ளைப் பெயின்ட்டும் பூசியிருந்தது. துளை இருந்த சுவடே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை.

சார் காசைப் பையில் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

அவர் பெருக்கிக்கொண்டே வாசலுக்குப் போனபோது அங்கே குமாரசாமி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. துடைப்பம் காலுக்குக் கிட்டே வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"நான்தான் சார் அடைச்சேன். இவ காலேஜிக்குப் போயிருந்தா. பாத்தா மேல ஒரு ஓட்ட. ஆணி எங்கியோ உழுந்துடுச்சின்னு நெனச்சேன். ஓட்ட இருந்தா தண்ணி பூந்துடாதா? படகுல ஓட்டயப் பாத்துட்டு எவனாச்சும் சும்மா போவானா?"

"எங்க வச்சிருந்தீங்க?" என்றார் சார்.

"மொட்ட மாடியிலதான். நல்லா காயட்டுமேன்னு. இவ வர்றதுக்குள்ள உப்பிடுச்சி."

அக்கினி நட்சத்திர வெயில். மொட்டை மாடி. மூச்சு விட வழியில்லாத போர்டு. நிவேதா அப்பா பக்கம் திரும்பவே இல்லை. கிள்ளையிலிருந்து வந்த வழி முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது.

சகாயமேரிக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "ஏன் மாமா, பொண்ணுக்கு மூக்குக் குத்தனாங்களே, அப்பகூட எம்சீல் வச்சி அடைச்சியா?" என்றாள்.

முதலில் குமாரசாமிதான் சிரித்தார், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. நிவேதா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. "இது இல்லன்னா எனக்கு எதுவும் இல்ல சார்" என்றாள்.

சார் சின்ன டிரில்லைக் கொண்டுவந்து எம்சீல் மேல் வைத்தார். அது உள்ளே இறங்கிய உடனே 'புஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். விடாமல் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கப் பூரி கொஞ்சம் அமுங்கியது. குமாரசாமி கிட்டே வந்து அந்தத் துளை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ காத்தா உள்ள இருந்திச்சி?" என்றார் மெதுவாக.

புதுப் போர்டு செய்யத் தெர்மாகோல் பாளம் சென்னையிலிருந்து வர வேண்டும், அதற்குள் தேர்வு போய்விடும். இதையே சரிசெய்யலாம், ஆனால் மேல்தோலை உரித்து மறுபடி போட்டால் எடை ஏறும். அரைக் கிலோவாவது ஏறும் என்றார் சார். எனக்கும் உங்களுக்கும் அரைக் கிலோ என்பது ஒரு பை கத்தரிக்காய். ஆனால் அவள் அந்தப் போர்டின் எடைக்குத்தான் மாதக்கணக்கில் சுற்றிப் பழகியிருக்கிறாள். அரைக் கிலோ ஏறினால் பாதிச் சுற்றில் நின்றுவிடும், விழுவாள்.

"பெயின்ட் போடாம உட்டா சார்?" என்று கேட்டேன். நான் அப்படி நடுவில் பேசுகிற ஆள் இல்லை. எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"நானும் அதத்தான் யோசிச்சேன் அக்கா. ஆனா கார்பன் கறுப்பு. பெயின்ட் இல்லன்னா வெயில இழுத்துக்கும், மறுபடியும் ஊதும். கண்ணாடித் துணி போட்டா வெளிறி இருக்கும், சூடு ஏறாது. ஆனா குதிகால் விழற எடத்துல தாங்காது."

அப்போது போர்டின் மேல் ஒட்டியிருந்த ரப்பர் மெத்தைகளைப் பார்த்தேன். கால் பட்டைக்குக் கீழே குதிகால் விழும் இடத்தில் ஒட்டுவோமே, அவை. சாரும் அவற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகவே நிமிர்ந்தோம்.

"மெத்தைக்கு அடியில மட்டும் கார்பன்" என்றார். "வெயில் படாது. மத்த எடமெல்லாம் கண்ணாடித் துணி. பெயின்ட் கெடையாது. கோடும் கெடையாதும்மா, பரவால்லயா?"

"கோடு கெடக்குது சார்" என்றாள் நிவேதா.

கார்பன் எவ்வளவு வெட்டுவது? ஆண்கள் போர்டுக்கு வெட்டும் அளவு என்றால் பாதி வீண். நிவேதாவைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் விரித்த தாள்மேல் ஏறி நிற்கச் சொன்னேன். "எகிறி உழும்போது எப்படி நிப்பியோ அப்படி நில்லும்மா." அவள் முழங்காலை மடக்கி, கையில் இல்லாத பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகாலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரிதான். இரண்டு விரல் கூட விட்டு, இடப்பக்க மெத்தைகளுக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு என்று வெட்டினேன். சின்னக் கால். நாலு துண்டையும் தராசில் வைத்தபோது சாருக்கே முகம் கொஞ்சம் தெளிந்தது.

உரிப்பதுதான் கஷ்டமான வேலை. கத்தியை ஆழமாக விட்டால் தெர்மாகோல் போகும், மேலாக விட்டால் தோல் வராது. உப்பிய இடம் சுலபமாக வந்துவிட்டது. ஒட்டியிருந்த ஓரங்களில் பலாச்சுளையைச் சடையிலிருந்து பிரிக்கிற மாதிரி நகம் நகமாக எடுத்தேன். சில இடத்தில் தெர்மாகோலும் கூடவே பிய்ந்து வந்தது. அந்தப் பள்ளங்களை லேசான நுரை மாவு வைத்து நிரப்பித் தேய்த்தோம். இதற்கே சில நாள் ஆயிற்று. குமாரசாமி தினமும் காலையில் கிள்ளையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். ஒன்றையும் தொட மாட்டார். சுவரோரம் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சகாயமேரி டீ கொடுத்தால், "மூடி போட்டுத் தராதம்மா, எனக்கு மூடின்னாலே பயமா இருக்குது" என்பார்.

துணி போடும் நாள் வந்தது. வெயில் சாய்ந்தது. ஜன்னலை மூடினோம். ரெசினைச் சின்னச் சின்னக் கப்பில்தான் கலந்தோம். இந்த வெயிலில் மொத்தமாகக் கலந்தால் கப்பிலேயே கொதித்துப் புகைந்துவிடும். கண்ணாடித் துணி, நுரைப்பலகை, நாலு குதிகால் துண்டு, மேலே கண்ணாடித் துணி. ரப்பர் தகட்டால் நான் தள்ளத் தள்ள, சகாயமேரி வழிந்ததைத் துடைத்துத் தராசில் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். பைக்குள் போட்டு, பிசின் நாடா ஒட்டி, பம்பைப் போட்டார் சார். பை சுருங்கிப் போர்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பாடா என்று முகமூடியைத் தளர்த்தினேன்.

கரண்ட் போயிற்று.

பம்பு நின்றது. சார் குழாயைக் கிடுக்கி போட்டு மூடினார். பை இறுக்கமாக இருந்தால் பம்பு இல்லாமலேயே தாங்கும், கவலையில்லை. ஆனால் காற்றளவு காட்டும் முள் மெள்ள மெள்ள இறங்கியது. எங்கேயோ காற்று உள்ளே போகிறது. ரெசின் இறுகவில்லை. பை தளர்ந்தால் நுரைப்பலகை எழுந்துவிடும். மறுபடி உரிக்க நாளும் இல்லை, மிச்சத் துணியும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தினோம். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. நிவேதா கையைக் கட்டிக்கொண்டு முள்ளையே பார்த்தாள்.

குமாரசாமி எழுந்து வந்தார். "சார், நான் தொடலாமா?" என்றார்.

சார் அவரைப் பார்த்தார். நகர்ந்து வழி விட்டார்.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் மட்டும் தண்ணீரைத் தடவிக்கொண்டார். மேசை உயரத்துக்குக் குனிந்து, ஈரக் கன்னத்தைப் பையின் ஓரத்துக்குக் கிட்டே வைத்து, ஓரம் முழுக்க மெதுவாக நகர்ந்தார். "பேசாதீங்க, விசிறாதீங்க" என்றார். நான் மூச்சையே அடக்கிக்கொண்டேன். முனையைத் தாண்டி, வளைவில் ஒரு மடிப்பு இருந்த இடத்தில் நின்றார். "சில்லுங்குது. இங்கதான்." பிசின் நாடாவைக் கொஞ்சம் கிள்ளிக் கட்டைவிரலால் உருட்டி மடிப்புக்குள் வைத்து அழுத்தினார். முள் இறங்குவது குறைந்தது, நிற்கவில்லை. மறுபடி கன்னத்தை வைத்துத் தொடர்ந்தார். குழாய் நுழையும் இடத்தில் இன்னொன்று. அதையும் அடைத்தார்.

முள் நின்றது.

"மாமா, இதோட நிறுத்திக்க" என்றாள் சகாயமேரி. "இனிமே எதப் பாத்தாலும் அடைக்காத."

பொழுது சாய்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அதுவரை அவர் அங்கேயே ஈரக் கன்னத்தோடு நின்றுகொண்டிருந்தார். நிவேதா டீ டம்ளரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். "குடிப்பா, ஆறிடும்" என்றாள். அந்த வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பையைப் பிரித்தோம். சார் காசை எடுத்தார். நடு, ஓரம், குதிகால் இடம், எங்கே தட்டினாலும் 'டக் டக்'. கால் வழுக்காமல் இருக்க, நிற்கும் இடத்தில் மட்டும் ரெசின் தடவிச் சர்க்கரை தூவினேன். காய்ந்த பிறகு சர்க்கரையைக் கழுவிவிட்டால் சொரசொரப்பு நிற்கும். எறும்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரிய வேலை. மெத்தைகளை ஒட்டி, திருகாணித் துளையையும் புதிதாகப் போட்டு, எல்லாம் முடிந்து தராசில் ஏற்றினோம். பழைய எடையைவிட ஒரு எலுமிச்சம்பழ எடைதான் கூடியிருந்தது.

"நான் ரெண்டு இட்லி கம்மியா தின்னுக்கறேன் சார்" என்றாள் நிவேதா.

ஓடவிட்டுப் பார்க்க எல்லாரும் கிள்ளைக்குப் போனோம். இவ்வளவு வருஷம் வேலை பார்த்தும் எங்கள் போர்டு தண்ணீரில் ஓடி நான் பார்த்ததில்லை. யாராவது கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்றைக்குப் போனேன். கழிமுகத்தில் காற்று நன்றாக இருந்தது. குமாரசாமி போர்டைத் தலைக்கு மேல் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார். திருகாணி தொலையாமல் இருக்க அதை நைலான் நரம்பில் கட்டிக் கால் பட்டையோடு முடிந்திருந்தார். காசை வைத்துத் திருகி மூடி, மேலே ஒரு தட்டுத் தட்டி, "ம், போ" என்றார்.

அவள் போனாள். கொஞ்ச தூரம் நேராகப் போனது எனக்குத் தெரிந்தது. அப்புறம் பாய் ஒரு பக்கம் சாய்ந்தது, போர்டின் மூக்கு திரும்பியது, அவளும் போர்டும் சேர்ந்து தண்ணீரை விட்டு எழுந்து, சுற்றி, பின்பக்கமாக வந்து இறங்கி வழுக்கிக்கொண்டே போனார்கள். இறங்கும்போது குதிகால் பட்ட சத்தம் கரைவரை கேட்டது. என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கிக்கொண்டது. அந்த நாலு துண்டு கார்பன் எப்படி இருக்கிறதோ என்றுதான் என் நினைப்பெல்லாம். அவள் மறுபடி எகிறினாள். மறுபடி. வெளிறிய போர்டு, கோடு இல்லை, அழகு இல்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. சகாயமேரி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அக்கா, நீ ஒரு வருசத்துக்கு சிரிக்கறத இன்னிக்கே சிரிச்சிட்ட" என்றாள்.

தேர்வுக்குக் குமாரசாமியும் கூடப் போனார். துளையை வேறு யாரையும் நம்பி விட முடியாது என்றார்.

போய்ச் சேர்ந்து, தேர்வும் முடிந்திருக்கும் என்கிற நாளில் நாங்கள் யாரும் சரியாக வேலை செய்யவில்லை. சார் ஒன்றும் தப்பு நடக்காமலேயே கொட்டகையைப் பெருக்கினார். மதியத்துக்கு மேல் போன் வந்தது. எல்லாரும் கேட்கும்படி சார் சத்தமாக வைத்தார். குமாரசாமி குரல்தான், பின்னால் அலைச் சத்தம்.

"சார், போர்டுக்கு ஒண்ணும் ஆவல. வண்டியில வரும்போதே ஆணிய கழட்டிட்டேன். கரையில நெழல்ல வச்சி ஈரத் துணி போத்துனேன். தண்ணியில எறங்கும்போது நானே மூடுனேன். ஏறுனதும் நானே தொறந்தேன். காச வச்சி தட்டிப் பாத்தேன், எல்லாம் டக் டக்குன்னுதான் சார் கேக்குது. ஒரு எடத்துலகூட டொப்புன்னு இல்ல. இங்க ஒரு பையன் போர்ட வெயில்லயே போட்டு வச்சிருந்தான் சார், ஆணியும் போட்டு. நான் போயி அவன ஏசி கழட்ட வச்சேன்..."

"யோவ் மாமா!" சகாயமேரி சார் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். "போர்டு கெடக்கட்டும். பொண்ணு என்னா ஆனா?"

"அதுவா? எடுத்துட்டாங்கம்மா. அப்பவே எடுத்துட்டாங்க. அவ அங்க எல்லாரோடயும் போட்டா புடிச்சிகிட்டு இருக்கா. நான் போர்ட பாத்துக்கணும் இல்ல, அதான் இங்கியே நிக்கிறேன்."

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். கௌசல்யா, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் சிலதைச் சரிபார்த்துவிடு. கால் மெத்தைக்கு அடியில் கார்பன் ஒற்றையாகப் போட்டோமா இரட்டையாகப் போட்டோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சாரைக் கேள். கரண்ட் போனபோது சகாயமேரி எந்தப் பக்கம் நின்றாள் என்று அவளே சொல்வாள், கூடவே நான் எழுதாத நாலு விஷயமும் சொல்வாள். அதையெல்லாம் சேர்க்க வேண்டாம். கிள்ளைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இதைக் குமாரசாமிக்குப் படித்துக் காட்டுங்கள். மடிப்பில் கண்டுபிடித்ததும் குழாய்ப் பக்கம் கண்டுபிடித்ததும் சேர்த்து இரண்டு துளை என்று எழுதியிருக்கிறேன். இல்லை, மூன்று என்று அவர் சொன்னால் மூன்று என்றே திருத்திவிடு. அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.